நாற்பத்தேழாம் பாயிண்டில் நின்றவர்

ஓடைக்குறிச்சி முக்குரோட்டில், மாவுமில்லுக்கும் மூடிக்கிடக்கிற தியேட்டருக்கும் நடுவே, ஒரு போலீஸ்காரரின் நிழல் மூன்று வருஷத்துக்கு இரண்டு மாசம் குறைவாக டூட்டி பார்த்தது. போலீஸ்காரர் இல்லை, நிழல் மட்டும்தான். காலையில் மேற்கே நீளமாகப் படுத்திருக்கும், உச்சிவேளையில் ஒரு தாம்பாளம் அளவுக்குச் சுருங்கும், சாயங்காலம் கிழக்கே நீண்டு நீண்டு இனிப்புக்கடைப் படிக்கட்டில் தொப்பியைக் கொண்டுபோய் வைக்கும். மேகம் மூடினால் மறையும். அன்றைக்கு அவருக்கு ஓய்வு என்று பேசிக்கொள்வோம். இருட்டிய பிறகு ஹைமாஸ் விளக்கு எரிந்தால் (எரிகிற நாட்கள் குறைவு) அந்த வெளிச்சத்திலும் லேசாகத் தெரியும்.

அவர் பெயர் சோலையப்பன். முதல்நிலைக் காவலர், நம்பர் 1146. உயிரோடு இருந்தபோது எங்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. தெரிந்தவர்களும் ‘அந்த ஒல்லிப் போலீஸ்’ என்றுதான் சொல்வோம். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது, ஏனென்றால் இந்தக் கதையில் எங்கள் ஊருக்கு நல்ல பெயர் கிடையாது.

தலைவர் என்று ஒருவர் இருந்தார். எங்கள் பெரிய கண்மாயைத் தூர்த்து, அதன் மேல் தன் அப்பா பெயரில் பஸ் ஸ்டாண்டு கட்டியவர். ஐப்பசியில் இரண்டு மழை சேர்ந்து விழுந்தால் பஸ்ஸெல்லாம் இடுப்பளவு தண்ணீரில் எருமை மாதிரி நிற்கும். அவரைப் பிடித்தவர் என்று எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை. அவருடைய போஸ்டரை ஒட்டுகிறவரே பசை தடவும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். பிடிக்காமல் போகப் போக அவருக்குப் போலீஸ் கூடியது. முதன்முதலில் ஓட்டுக் கேட்டு வந்தபோது நாலு பேர், ஜெயித்து வந்தபோது நாற்பது பேர், பஸ் ஸ்டாண்டு திறக்க வந்தபோது நானூறு பேர், நான் சொல்கிற அந்தச் சித்திரை மாசத்தில் ஐந்து ஜில்லாவிலிருந்து ஆயிரத்து இருநூறு பேர், பத்தடிக்கு ஒருவராக, ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்கள் வீட்டுக் கதவுகளைப் பார்த்தபடி. பந்தோபஸ்து என்றால் அப்படித்தான். காக்கப்படுகிறவரைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. யோசித்துப் பார்த்தால், தலைவர் வருஷக்கணக்கில் மனிதர்களின் முதுகுகளை மட்டுமே பார்த்துக்கொண்டு போய்வந்திருக்கிறார்.

அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு, இன்ஸ்பெக்டர் ரத்தினவேல் சோலையப்பனை முக்குரோட்டில் நாற்பத்தேழாம் பாயிண்டில் இறக்கிவிட்டு, “தலைவர் வண்டி உன்னைத் தாண்டுற வரைக்கும் காலை எடுக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார். பத்தரை மணிக்கு நாங்கள் பதின்மூன்று பேர் பஜாரில் கறுப்புக் கொடியைத் தூக்கினோம். உடனே தலைவரின் வழி மாறியது. ரயில்வே கேட் வழியாக வந்து, அதே வழியாகப் போய்விட்டார். எல்லாப் பாயிண்டுக்கும் வயர்லெஸ் மைக்கில் ‘டிஸ்பர்ஸ்’, கலைந்து போகலாம் என்று சொன்னார்கள். வளைவுக்கு அப்பால் இருந்த நாற்பத்தேழில் மைக் இல்லை. போலீஸ்காரர்களை அள்ளிப்போன வேனில் இடம் நிறைந்துவிட்டது, அங்கே ஒருவர் நிற்கிறார் என்பது யாருக்கும் நினைவில் இல்லை. நாங்கள் வண்டியைத் திருப்பிவிட்ட சந்தோஷத்தில் வீட்டுக்குப் போய், கறிக்குழம்பு வைத்துச் சாப்பிட்டு, வெயிலுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினோம். சோலையப்பன் நின்றார். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூக்கடை அந்தோணியம்மாள் கடை திறக்க வந்து, “ஏய்யா, எல்லாரும் போயாச்சே, நீங்க போகலயா?” என்று கேட்டபோதும் நின்றுகொண்டுதான் இருந்தார். அவள் தோளைத் தொட்டபோதுதான் விழுந்தார்.

உடம்பை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். லத்தியை ஏற்றினார்கள், தொப்பியை ஏற்றினார்கள். நிழலை விட்டுவிட்டார்கள்.

மறுநாள் மாவுமில்லுக்கு வந்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். ஏன் சுற்றினோம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அப்படியே பழகிப்போனது. ஹெல்மெட் இல்லாமல் வருகிறவன் அங்கே இறங்கி வண்டியை உருட்டிக்கொண்டு போவான், கல்யாண ஊர்வலம் வந்தால் தியேட்டர் தாண்டுகிறவரை மேளம் அடங்கும், பேரூராட்சிக்காரர்கள் புதுத் தார் ஊற்றியபோது நிழலின் மேலேயும் ஊற்றினார்கள், தார் ஆறுவதற்குள் நிழல் அதன் மேலே ஏறிப் படுத்துக்கொண்டது, ரோட்டில் கோடு போட வந்த பெயின்டர் மட்டும் “எனக்கு எதுக்கு வம்பு” என்று ஓர் ஆள் அகலத்துக்குக் கோட்டை வளைத்துப் போட்டுவிட்டுப் போனார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் இரண்டு பேர் அந்த நிழலில் ஒதுங்கலாம். மூன்றாவது ஆள் வெயிலில்தான் நிற்க வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி வந்தால் இருக்கிறவர் எழுந்து இடம் விட வேண்டும். தலைப்பக்கம் யாரும் மிதிக்கக் கூடாது. தலைவரின் எதிர்க்கட்சியினர் மாலையோடு வந்து, கழுத்து எந்த இடம் என்பதில் இரண்டு கோஷ்டிக்குத் தகராறாகி, மாலையைப் பிய்த்துக்கொண்டு போனார்கள். கல்லூரியிலிருந்து பேராசிரியர்கள் இரண்டு பேர் வந்து டேப் பிடித்து அளந்து, பன்னீர் சோடா குடித்து, வெயில்தான் காரணம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்கள். ஸ்டேஷன் ரைட்டர் கோமதிநாயகம் தினமும் ஆஜர் புத்தகத்தில் 1146-க்கு நேராக ‘பந்தோபஸ்து’ என்று எழுதிவிட்டுத்தான் மற்றவர் பெயருக்குப் போவார். மேலிடத்தில் அதை அடிப்பார்கள். மறுநாளும் எழுதுவார்.

ஊர் பழகிக்கொண்டது. சோலையப்பனின் மனைவி சண்முகவடிவு பழகிக்கொள்ளவில்லை.

அவள் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயா வேலை பார்த்தாள். மூன்றரைக்கு வேலை முடியும். நாலு மணிக்கு முக்குரோட்டுக்கு வந்து, கிழக்கே நீண்டு விழுந்திருக்கிற நிழலில், நெஞ்சு வருகிற இடத்தில் உட்காருவாள். சூரியன் நகர நகர நிழல் நகரும், அவளும் கூடவே நகர்ந்து நகர்ந்து உட்காருவாள். அந்த நேரத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வெயிலுக்குப் போய்விடுவார்கள். வடிவு பேசுவாள். சமையல் கேஸ் தீர்ந்தது, பள்ளியில் ஒரு குழந்தை புதிதாகச் சேர்ந்தது, மோட்டார் ரிப்பேர் என்று அன்றைய சங்கதி எல்லாம் சொல்வாள். கேள்வியும் கேட்பாள். கேட்டுவிட்டு, ஒரு மனுஷன் பதில் சொல்ல எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் சும்மா இருப்பாள். பிறகு அடுத்ததற்குப் போவாள். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அந்தோணியம்மாள், அந்தச் சும்மா இருக்கிற நேரத்தைத்தான் தன்னால் தாங்க முடியவில்லை என்று எங்களிடம் சொல்லியிருக்கிறாள். இருட்டியதும் வடிவு எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, தனியாக வீட்டுக்குப் போவாள்.

கல்யாணமான பதினொரு வருஷத்தில், எந்த பந்தோபஸ்துக்குப் போனாலும் எத்தனை மணியானாலும் சோலையப்பன் வீடு வந்து சேராமல் இருந்ததில்லை. டூட்டி முடிந்தது என்று சொன்னால் இப்போதும் வந்துவிடுவார் என்று அவள் நம்பினாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் திங்கள்கிழமை தவறாமல் மனு எழுதிக்கொண்டு போனாள். “வேற எதுவும் கேக்கலய்யா. அவுகள வீட்டுக்கு அனுப்புங்க.” அதிகாரிகள் பழைய ரிப்போர்ட்டை எடுத்து வாசித்துக் காட்டுவார்கள். கலைந்து செல்ல உத்தரவு கொடுத்தும், மேற்படி காவலர் தன் விருப்பத்தின் பேரில் அங்கேயே நின்றார் என்று அதில் இருந்தது. எழுதியவர் ரத்தினவேல். டூட்டி முடிந்தது என்று இப்போது சொன்னால், அப்போது சொல்லவில்லை என்று ஆகிவிடும் அல்லவா? அதனால் யாரும் சொல்லவில்லை. ரத்தினவேல் அதற்குள் டி.எஸ்.பி. ஆகிவிட்டிருந்தார். முக்குரோட்டுப் பக்கமே அவர் வருவதில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தால் இருபது நிமிஷம் ஜீப்பில் காத்துக் கிடப்பாரே தவிர இந்தப் பக்கம் திரும்ப மாட்டார்.

இப்படி இருக்கும்போது, மாசி மாசத்தில், தன் அப்பாவின் சிலையைப் பஸ் ஸ்டாண்டில் திறந்துவைக்கத் தலைவர் மறுபடி வருகிறார் என்று செய்தி வந்தது. வழி முக்குரோடு. இந்தத் தடவை போலீஸ் நாலாயிரம். எங்கள் ஊரில் குழந்தை குட்டியெல்லாம் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான். பள்ளிக்கூடங்கள், கல்யாண மண்டபங்கள், மூடிக்கிடந்த தியேட்டர் எல்லாம் போலீஸால் நிறைந்தன. எங்கள் கொடிகளில் போலீஸ் பனியன்கள் காய்ந்தன. கறுப்பாக எதுவும் ரோட்டில் இருக்கக் கூடாது என்று உத்தரவு. கறுப்புக் குடைகளைக் கடைகடையாகச் சேகரித்தார்கள், கறுப்பு ஆடுகளைத் தொழுவத்தில் அடைக்கச் சொன்னார்கள். முந்தின நாள் மத்தியானம் சென்னையிலிருந்து வந்த பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வழியை நடந்தே பார்த்துக்கொண்டு வந்து, மாவுமில்லைத் தாண்டி நின்றார்.

“இது என்ன?”

“நிழல் சார்” என்றார் ரைட்டர் கோமதிநாயகம்.

“யாரோடது?”

“நம்ம கான்ஸ்டபிளோடது சார்.”

“ஆளு எங்க?”

கோமதிநாயகம் வானத்தைப் பார்த்தார், பூமியைப் பார்த்தார்.

“கறுப்பா இருக்கே. எடுத்துருங்க. இல்லன்னா வழியை மாத்திருவோம்.”

சுண்ணாம்பைக் கொட்டினார்கள், நிழல் சுண்ணாம்பின் மேல் விழுந்தது. லாரியில் மணல் கொண்டுவந்து பரப்பினார்கள், மணலின் மேல் விழுந்தது. கம்பளம் விரித்தார்கள், கம்பளத்தின் மேல் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் ரத்தினவேலைக் கூப்பிட்டார்கள். மூன்று வருஷத்தில் முதன்முறையாக அவர் முக்குரோட்டுக்கு வந்தார். ஜீப்பை விட்டு இறங்காமல், மைக்கைப் பிடித்து, “பாயிண்ட் நாற்பத்தேழு, டிஸ்பர்ஸ்” என்றார். வடிவு சேதி கேட்டு ஓடிவந்து மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள். எத்தனையோ திங்கள்கிழமை அவள் கேட்டு நின்ற வார்த்தை அதுதான். நிழல் அசையவில்லை. இன்னும் இரண்டு தடவை சொன்னார். அசையவில்லை. வடிவின் முகத்தை அப்போது பார்த்தவர்கள், பார்த்திருக்க வேண்டாம் என்று நினைத்தார்கள்.

கோமதிநாயகம் தன் மேஜை டிராயரில் பத்திரமாக வைத்திருந்த பழைய டூட்டிச் சீட்டை எடுத்துவந்து ஜீப்புக்குள் நீட்டினார். ‘தலைவரின் வாகனம் கடக்கும் வரை’ என்று அதில் ரத்தினவேலின் கையெழுத்திலேயே இருந்தது. “நாம டிஸ்பர்ஸ் சொல்லி என்ன சார் பிரயோசனம்? வண்டி இன்னும் கடக்கலயே” என்றார்.

வடிவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் அந்தத் தலைவரைச் சபிக்க அவளைவிட உரிமை உள்ளவர் யாருமில்லை. அவர் வரவேண்டும், இந்த வழியாகவே வரவேண்டும் என்று சாமியை வேண்டியவளும் அவள் ஒருத்திதான்.

அன்றைக்குச் சாயங்காலம் வர்த்தக சங்க மாடியில் நாங்கள் கூடியிருந்தோம். சங்கத்தில் தலைவர், செயலாளர் எல்லாமே இரும்புக்கடை ஆறுமுகநயினார்தான். நூறு கறுப்புக் கொடி தைத்து, உர மூட்டைகளுக்குள் ஒளித்து வைத்திருந்தார். வடிவு மாடிப்படி ஏறி வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், “நாளைக்குக் கொடி காட்டாதீக” என்றாள்.

கூட்டத்தில் சலசலப்பு. “என்னம்மா பேசுற? அந்தாளு உன் தாலிய அறுத்தவன்” என்றார் ஆறுமுகநயினார்.

“அது எனக்குத் தெரியாதாண்ணே? கொடியப் பாத்தா வண்டி திரும்பிரும். வண்டி தாண்டுனாத்தான் அவுக வீட்டுக்கு வர முடியும்.”

“அது நம்ம ஊரு சாட்சிம்மா. இன்னைக்கும் ஒவ்வொருத்தன் வந்து பாத்துட்டுப் போறான். அதுவும் போயிட்டா, அந்தாளு செஞ்ச அநியாயத்துக்கு என்ன அத்தாட்சி இருக்கு நம்ம கையில?”

“உங்களுக்குச் சாட்சி. எனக்கு வீட்டுக்காரரு.”

அவள் குரலை உயர்த்தவில்லை. “போன தடவ பதிமூணு கொடி புடிச்சீக. தப்புன்னு சொல்லல. வண்டி திரும்பிப் போச்சு, போலீஸெல்லாம் போச்சு, நீங்களும் சந்தோசமா வீட்டுக்குப் போனீக. அவுக மட்டும் போகல. அன்னைக்கு ஒருத்தராவது சன்னலத் தொறந்து பாத்திருந்தா...” என்றவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். பதில் வருகிற நேரம் வரை நின்றாள். அந்தச் சும்மா இருக்கிற நேரத்தை அன்றைக்கு நாங்களும் பார்த்தோம். பிறகு படியிறங்கிப் போனாள். கூட இறங்கிப்போய் வீடுவரை விட்டுவர எங்களில் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. என்ன முடிவெடுத்தோம் என்பதைக்கூட அவளிடம் போய்ச் சொல்லவில்லை.

மறுநாள் எங்கள் ஊரில் ஒரு கொடியும் இல்லை. ஒரு கோஷமும் இல்லை. அத்தனை கதவுகளையும் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். வெளியே நாலாயிரம் போலீஸ் சாத்திய கதவுகளைப் பார்த்துக்கொண்டு நின்றது. இவ்வளவு பெரிய பாதுகாப்பை நான் பார்த்ததில்லை, யாரிடமிருந்து பாதுகாப்பு என்றுதான் தெரியவில்லை. வெளியே நின்ற ஒரே பொதுஜனம் வடிவுதான். பூக்கடையின் மூடிய பலகை ஓரமாக, இருக்கிறதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வீட்டுக்குப் போகச் சொல்லி ஒரு பெண் போலீஸ் இரண்டு தடவை வந்து சொன்னாள். மூன்றாவது தடவை தன் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மூன்றரை மணிக்கு, வண்டிகள் ஊர் எல்லைக்கு வந்து நின்றுவிட்டன. பாதுகாப்பு அதிகாரி மைக்கில் ஒவ்வொரு பாயிண்டாகக் கேட்டுக்கொண்டு வந்தார். நாற்பத்தைந்து, சரி. நாற்பத்தாறு, சரி. நாற்பத்தேழில் நிழலைத் தவிர ஆள் இல்லை, பதிலும் இல்லை. மறுபடி கேட்டார். நாலாயிரம் பேரின் இடுப்பிலும் தோளிலும் இருந்த மைக்குகள் வெறுமனே இரைந்தன. “நாற்பத்தேழு என்னாச்சு? அந்தக் கறுப்பு இன்னும் அங்கதான் இருக்கா? சரி, வண்டியை ரயில்வே கேட் வழியா...”

வடிவு பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

மாவுமில் ஓரமாக ஜீப்பில் காத்திருந்த ரத்தினவேல் இறங்கினார். நிழலின் பக்கத்தில் போய், ஓர் ஆளின் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஓரடி தள்ளி நின்று, மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார்.

“பாயிண்ட் நாற்பத்தேழு. முதல்நிலைக் காவலர் 1146 சோலையப்பன். டூட்டியில இருக்காரு சார்.”

“எப்ப இருந்து?”

“மூணு வருஷமா சார். நான்தான் நிறுத்துனேன். டிஸ்பர்ஸ் சொல்லல. மறந்துட்டேன். ரிப்போர்ட்டுல எழுதினது பொய் சார்.”

ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டது. சாத்திய கதவுகளுக்குப் பின்னால் இருந்த எங்களுக்கும் கேட்டது. அந்தப் பாதுகாப்பு அதிகாரி நல்லவரா கெட்டவரா, எனக்குத் தெரியாது. பாயிண்டுக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு நம்பர், பொறுப்புக்கு ஓர் அதிகாரி இருந்தால் அவருக்குப் போதும் போல. “நாற்பத்தேழு, சரி” என்றார். “வண்டி வரலாம்.”

இருபத்தேழு வண்டிகள். பதினோராவது வண்டியில் தலைவர். கண்ணாடியை ஏற்றிவிட்டு, தண்ணீரில்லாமல் ஏதோ மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார் என்று, திரும்பக் கூடாது என்ற உத்தரவை மீறித் திரும்பிப் பார்த்துவிட்ட நாற்பத்தெட்டாம் பாயிண்டுக்காரர் சொன்னார். முதுகுகளையே பார்த்துப் பழகிய தலைவர், முதுகா முகமா என்று தெரியாத அந்த நிழலைக் கண்டதும் மாத்திரையோடு கையைக் கூப்பினார் என்றும் சொன்னார். நான் நம்பவில்லை. நாற்பத்தேழைத் தாண்ட அந்த வண்டிக்கு இரண்டு விநாடி ஆகியிருக்கும். அந்த இரண்டு விநாடிக்காகத்தான் ஒரு மனுஷன் அத்தனை நாள் நின்றார்.

கடைசி வண்டியும் போனது. புழுதி அடங்கியது. நிழல் குனிந்தது. நெடுநேரம் நின்றவர்கள் செய்கிற மாதிரி இரண்டு கையாலும் முழங்காலைத் தேய்த்துவிட்டது. நிமிர்ந்து ஒரு சல்யூட் வைத்தது. ரத்தினவேல் பதிலுக்கு வைத்த சல்யூட்டை இறக்கவே இல்லை; கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அது முதல் அடியை எடுத்து வைத்தது, வளைந்த கோட்டைத் தாண்டி, ரோட்டைக் கடந்து, பூக்கடைப் பலகைக்கு வந்தது.

“வாங்க” என்றாள் வடிவு. “போகலாம்.”

அவர்கள் வீடு கிழக்கே, காலனியில். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் இரண்டு நிழலும் அவளுக்கு முன்னால் விழுந்தன, ஒன்று அவளுடையது, இன்னொன்று அதற்கு மூன்றடி முன்னால். அவர் எப்போதுமே அவளை விட்டு மூன்றடி முன்னால்தான் நடப்பாராம். “மெதுவா நடங்களேன், நான் வரவேண்டாமா” என்று அவள் கடிந்துகொண்டே போனது எங்களுக்குக் கேட்டது. ஜன்னல் இடுக்குகளில் கண்ணை வைத்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. போலீஸ்காரர்களும் திரும்பவில்லை. இத்தனை ஆயிரம் பேர் இருந்த தெருவில் அவள் தன்னந்தனியாகத்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

மேற்குப் பார்த்த வாசல் அது. கதவைத் திறந்ததும் சாயங்கால வெயில் ஒரு பாய் அளவுக்கு உள்ளே விழுந்தது. நிழல் அதில் போய்ப் படுத்தது. வடிவு பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அன்றைக்குப் பேசவில்லை. கேள்வி எதுவும் கேட்கவில்லை. வெயில் சிவந்தது, பாய் அளவு இருந்தது பலகை அளவானது, சுவரில் ஏறியது, ஒரு விரற்கடை அளவு நின்றது, ஆறேகால் மணிக்கு அதுவும் போனது. வீடு முழுக்க இருட்டு. அதில் எது அவர், எது வெறும் இருட்டு என்று அவளுக்குத் தெரியவில்லை. சுவிட்ச் அவள் தலைக்கு மேலேதான் இருந்தது. கை எட்டும். போட்டால், இருக்கிறாரா கிளம்பிவிட்டாரா என்பது தெரிந்துபோகும்.

பூக்கடை அந்தோணியம்மாள் வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

“வடிவு, எதுக்கு இருட்டுல உக்காந்துருக்க? லைட்டப் போடு தாயி.”

“மெதுவாப் பேசுங்கக்கா” என்றாள் வடிவு உள்ளேயிருந்து. “இப்பத்தான் கண்ணசந்துருக்காக.”